வீட்டு முயலுக்குப் பச்சைத் தீனி: எந்தக் கீரை, எந்தப் பழம், எவ்வளவு?

வைகைக்கரை (மதுரை) கேட்டது:

வணக்கம். வீட்டில் இரண்டு முயல்கள் இருக்கின்றன. ஒன்று ஒன்றரை வயதுப் பெண் முயல், எடை 1.8 கிலோ. இன்னொன்று நான்கு மாதக் குட்டி, 900 கிராம். இரண்டுக்கும் திமோத்தி உலர்புல் எப்போதும் கூண்டில் இருக்கும். காலையில் பெல்லட் (கடையில் விற்கும் குச்சித் தீனி), மாலையில் கீரை. அடுக்குமாடி வீடு என்பதால் வெளியே மேய விட முடியாது, ஹாலில்தான் ஓட விடுகிறோம்.

குழப்பம் கீரையிலும் பழத்திலும்தான். தமிழில் தேடினால் அகத்தி, வேலிமசால், ஊறவைத்த கொண்டைக்கடலை எல்லாம் தாராளமாகக் கொடுக்கலாம் என்று வருகிறது. வெளிநாட்டுப் பட்டியல்களில் இருக்கும் பாதிக் கீரை இங்கே சந்தையிலேயே கிடையாது. எங்கள் ஊரில் கிடைப்பதில் தினமும் எதைக் கொடுக்கலாம், எதை எப்போதாவது கொடுக்கலாம்? பழம் எவ்வளவு? பிள்ளைகள் பொரி, பொட்டுக்கடலை, மேரி பிஸ்கட் நீட்டுகிறார்கள். முயலும் ஆசையாகத் தின்கிறது. அது பரவாயில்லையா? கீரை ஈரமாக இருந்தால் கழிச்சல் வரும் என்கிறார்களே, உண்மையா?

பசும்புல் (கோவை):

முதலில் உங்கள் குழப்பம் எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிடுகிறேன். தமிழில் முயல் தீனி பற்றிக் கிடைக்கும் தகவலில் பெரும்பகுதி பண்ணைக்காரர்களுக்காக எழுதப்பட்டது. இறைச்சி முயல் மூன்று மாதத்தில் 2 கிலோ வர வேண்டும். அதற்குப் புரதமும் மாவுச்சத்தும் ஏற்றிய தீனி. உங்கள் முயல் எட்டுப் பத்து வருடம் வாழ வேண்டியது. அதே தீனியை அத்தனை வருடமும் போட்டால் கொழுப்பு ஏறும், பல் கெடும், சிறுநீர்ப்பையில் சுண்ணாம்பு தங்கும். பண்ணைக் குறிப்பு தவறல்ல, அதன் நோக்கம் வேறு. வீட்டு முயலுக்கு அதை அப்படியே எடுக்காதீர்கள்.

தட்டில் முக்கால் பங்குக்கு மேல் புல்தான் இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு முயலுக்கு அதன் உடம்பளவு குவியல். முயலின் பல் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பல் வாரத்துக்குச் சுமார் 2 மில்லிமீட்டர் வளர்கிறது, கடைவாய்ப் பல்லும் வளர்கிறது. புல்லை அரைத்து அரைத்துத்தான் அது தேயும். கேரட் கடித்தால் பல் தேயும் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். கேரட் நாலு கடியில் முடிந்துவிடும். உலர்புல்லை அது மணிக்கணக்கில் மெல்லும்.

பெல்லட் பெரிய முயலுக்குக் கிலோவுக்கு 20 முதல் 25 கிராம் போதும். உங்கள் 1.8 கிலோ முயலுக்கு 40 கிராம் சுற்றி வரும். சமையலறைத் தராசில் ஒருமுறை நிறுத்துப் பார்த்து, அந்த அளவுக்கு ஒரு சின்னக் கிண்ணத்தில் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். குட்டிக்கு ஆறு மாதம் வரை அளவு பார்க்க வேண்டாம். அதன் பிறகு நான்கைந்து வாரத்தில் மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டு வாருங்கள்.

கீரை பெரிய முயலுக்கு அழுத்தி நிரப்பிய இரண்டு டம்ளர், காலை மாலை எனப் பிரித்து. இதில்தான் பலரும் தடுக்கி விழும் இடம் இருக்கிறது. கீரையை மாற்றி மாற்றிக் கொடுங்கள் என்று சொன்னால் திங்கள் அரைக்கீரை, செவ்வாய் சிறுகீரை, புதன் தண்டுக்கீரை என்று கொடுப்பார்கள். மூன்றும் ஒரே பேரினம்தான். முளைக்கீரையும் அதேதான். பாலக், பீட்ரூட் இலை, பொன்னாங்கண்ணி எல்லாம் அதே குடும்பம். இவற்றில் ஆக்சலேட் அதிகம். தினமும் இவையே போனால் சிறுநீரகத்துக்குச் சுமை. மாற்றிக் கொடுப்பது என்றால் குடும்பம் மாற வேண்டும். கொத்தமல்லி, கேரட் இலை, செலரி ஒரு பக்கம். புதினா, துளசி இன்னொரு பக்கம். முள்ளங்கி இலை, காலிஃபிளவர் இலை, நூக்கல் இலை மூன்றாவது. ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் ஒன்றாக எடுத்து மூன்று வகை ஒரு நாளைக்குக் கலந்து வையுங்கள். அரைக்கீரை வகையறா வேண்டுமென்றால் அந்த மூன்றில் ஒன்றாக மட்டும், அதுவும் வாரத்தில் இரண்டு நாள்.

காய்கறிக் கடையில் முள்ளங்கி வாங்கும்போது இலையைத் திருகிக் கீழே போடுவார்கள். அதைக் கேட்டு வாங்குங்கள், முயலுக்கு அருமையான தீனி. கேரட்டைவிடக் கேரட்டின் இலை நல்லது. முட்டைக்கோஸில் உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதியைத் தவிர்த்து, வெளியே இருக்கும் பச்சை இலை பாதி மட்டும் போட்டுப் பாருங்கள். சில முயலுக்கு வாயு பிடிக்கும். கறிவேப்பிலை நாலைந்து இலை, செம்பருத்திப் பூ ஒன்று, அதன் கொழுந்து இலை இரண்டு, வாழை இலைக் கிழிசல் எல்லாம் கொடுக்கலாம்.

இவை எல்லாவற்றையும்விட நல்லது பச்சை அருகம்புல். பிள்ளையாருக்குக் கட்டி விற்கும் கட்டு பூக்கடையில் கிடைக்கும். வாடாமல் இருக்கத் தண்ணீர் தெளித்து ஈரச் சாக்குக்குள் வைத்திருப்பார்கள். கட்டைப் பிரித்ததும் நடுவில் சூடாக இருக்கிறதா, வழவழவென்று இருக்கிறதா என்று விரலை விட்டுப் பாருங்கள். இருந்தால் அந்தப் பகுதியை எறிந்துவிடுங்கள்.

ஈரத்தால் கழிச்சல் வராது. தண்ணீர் குடிக்கும் பிராணிக்கு இலையில் ஒட்டிய தண்ணீர் என்ன செய்யும்? குவித்து வைத்த ஈரக்கீரை உள்ளுக்குள் வெந்து புளித்துப் போகும். அதைத் தின்றால்தான் கழிச்சல். புல் வெட்டும் எந்திரத்தில் விழுந்த நறுக்குப் புல்லும் அப்படித்தான், ஒரு மணி நேரத்தில் சூடேறிவிடும். அதைக் கொடுக்கவே வேண்டாம்.

கழுவும் முறை: வேரையும் மஞ்சள் இலையையும் கிள்ளிவிட்டு, அகலமான பாத்திரத்தில் பத்து நிமிடம் ஊறவிட்டு, மூன்று தடவை தண்ணீர் மாற்றி அலசி, உதறி, துணியில் பரப்பி வைக்கவும். கொத்தமல்லி, புதினா, காலிஃபிளவர் இலை மூன்றும் பூச்சிமருந்து அதிகம் வாங்கும் பயிர்கள். இவற்றைக் கடைசியாக ஒருமுறை குழாயடியில் பிடித்து அலசுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்ததை அறைச் சூட்டுக்கு வந்த பிறகு வையுங்கள்.

மல்பெரித்தோட்டம் (நாமக்கல்):

பசும்புல் சொன்னதில் அகத்தி, முருங்கை விட்டுப்போயிற்று. அதைச் சேர்க்கிறேன்.

மனிதனுக்கும் மற்றப் பெரும்பாலான விலங்குகளுக்கும் உடம்புக்குத் தேவையான சுண்ணாம்புச்சத்தை மட்டும் குடல் எடுத்துக்கொள்ளும். முயலுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. தீனியில் எவ்வளவு இருக்கிறதோ அதற்கேற்ப உறிஞ்சிக்கொண்டு, மிச்சத்தைச் சிறுநீரில் தள்ளும். அதனால்தான் முயல் சிறுநீர் சாதாரணமாகவே கொஞ்சம் கலங்கலாக இருக்கும். காய்ந்த இடத்தில் வெள்ளைப் பொடி படிவதும் இயல்பு. ஆனால் அது சுண்ணாம்புக் குழம்பு போலக் கெட்டியாக வந்தாலோ, முயல் முக்கி முக்கிப் பெய்தாலோ சிக்கல். அகத்தி, முருங்கை, குதிரைமசால் மூன்றிலும் சுண்ணாம்பும் அதிகம், புரதமும் அதிகம். வளர்ந்த முயலுக்கு வாரத்தில் ஒரு நாள், ஓர் இணுக்கு. வேலிமசாலும் பயறு வகைத் தீவனம்தான், அதற்கும் அதே கணக்கு. குட்டிக்கும் சினை முயலுக்கும் இவை கொஞ்சம் கூடலாம், வளர்ச்சிக்குத் தேவை இருக்கிறது.

சூபாபுல் எனப்படும் சவுண்டல் இலையை ஆட்டுக்குப் போடுவதைப் பார்த்து முயலுக்கும் போடுகிறார்கள். அதில் மைமோசின் என்ற பொருள் இருக்கிறது, முடி கொட்டும். வீட்டு முயலுக்கு வேண்டாம். மரவள்ளி இலையும் இளஞ்சோளப் பயிரும் சயனைடு நஞ்சு உள்ளவை, அவையும் வேண்டாம்.

மல்பெரி இலை கிடைத்தால் விடாதீர்கள். பட்டுப்புழுவுக்கு வெட்டுகிற இலை என்பதால் மருந்து குறைவாகவே அடிப்பார்கள். ஆனாலும் கடைசியாக எப்போது அடித்தது என்று தோட்டக்காரரிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். உங்கள் பெரிய முயலுக்கு ஒரு நாளைக்கு நாலைந்து இலை போதும், புரதம் கூடுதல்.

பிஸ்கட், பொரி, பொட்டுக்கடலை விஷயத்துக்கு வருகிறேன். இதைப் பிள்ளைகளுக்குப் புரியும்படி சொல்லுங்கள். முயலின் குருட்டுக்குடல் பெரியது. அங்கே வாழும் நுண்ணுயிர்கள்தான் நாரைச் செரிக்கின்றன. அங்கிருந்து வருவதுதான் திராட்சைக்குலை போல ஒட்டிக்கொண்டு பளபளவென்று இருக்கும் மென்புழுக்கை. முயல் அதை நேரே வாய் வைத்துத் தின்றுவிடும், நாம் பார்ப்பதே அரிது. மாவும் சர்க்கரையும் போய்ச் சேர்ந்தால் அந்த நுண்ணுயிர்களின் சமநிலை குலைந்து, நஞ்சு சுரக்கும் கிளாஸ்ட்ரிடியம் வகைக் கிருமிகள் பெருகும். பால்குடி மறந்த சில வாரத்துக்குள் இருக்கும் குட்டி ஒரே நாளில் செத்துப்போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பெரிய முயலில் உடனே தெரியாது. முதல் அறிகுறி, மென்புழுக்கையைத் தின்னாமல் விட்டுவிடும். கூண்டில் நசுங்கிக் கிடக்கும், பின்பக்க முடியில் ஒட்டும். அதைக் கழிச்சல் என்று நினைத்து மருந்து கொடுக்க வேண்டாம். பெல்லட்டைப் பாதியாக்கி, பழத்தை நிறுத்தி, புல்லைக் கூட்டினால் பெரும்பாலும் ஒரு வாரத்தில் சரியாகும். உண்மையான கழிச்சல் தண்ணீராகப் போகும், உருண்டைப் புழுக்கையே இருக்காது. அப்போது காத்திருக்காமல் டாக்டரிடம் ஓட வேண்டும்.

செல்லப்பிராணிக் கடையில் விற்கும் தேன் தடவிய தானியக் குச்சி, யோகர்ட் உருண்டை, மக்காச்சோளம் கலந்த கலர் தீனி எல்லாம் இதே கணக்குதான். பொட்டலத்தின் மேல் முயல் படம் இருக்கிறது என்பதற்காக வாங்காதீர்கள். வளர்ந்த முயலுக்குப் பால் சர்க்கரை செரிக்காது. சோளத் தோல் குடலில் அடைக்கும். நிலக்கடலை கொழுப்பு, பூஞ்சை பிடித்ததாக இருந்தால் ஈரலுக்குக் கேடு.

மாடித்தோட்டம் (திருச்சி):

நச்சுச் செடிப் பட்டியலை யாரும் சொல்லவில்லை. ஹாலில் ஓட விடுகிறீர்கள் என்பதால் இது அவசரம்.

சாமி படத்து மாலையைக் கழற்றிக் கீழே வைக்காதீர்கள். அதில் அரளி இருந்தால் முயலுக்கு உயிராபத்து. சிவப்பு, வெள்ளை அரளியும் சரி, மஞ்சள் பொன்னரளியும் சரி, பூ, இலை, தண்டு எல்லாமே இதயத்தைத் தாக்கும் நஞ்சு. அரளி இல்லாத மாலையாக இருந்தாலும் பூவில் மருந்தும் சில நேரம் சாயமும் இருக்கும். ரோஜா இதழ் கொடுக்க ஆசை என்றால் சொந்தத் தொட்டியில், மருந்து அடிக்காமல் பூத்தது மட்டும்.

எருக்கு, ஊமத்தை, ஆமணக்கு, உண்ணிச்செடி, கள்ளி வகைகள், மணி பிளாண்ட், டிஃபன்பாக்கியா எதுவும் எட்டும் உயரத்தில் இருக்கக் கூடாது. சமையலறைப் பக்கம் வெங்காயம், பூண்டு, வெங்காயத்தாள், உருளைக்கிழங்கு, அதன் முளை, தக்காளிச் செடியின் இலையும் தண்டும், அவகாடோ, சாக்லேட். மணத்தக்காளிக் கீரை நமக்கு மருந்துதான். காய்ப் பச்சையில் சோலனைன் இருக்கிறது, முயலுக்கு வைக்காமல் இருப்பதே நல்லது.

இடம் இருந்தால் வளர்ப்பதுதான் வழி. அருகம்புல்லில் வேர்விட்ட கணு ஒரு பிடி எடுத்து அகலமான வளர்ப்புப் பையில் ஊன்றினால் போதும். இரண்டு பையாக வைத்து, ஒன்றை வெட்டும்போது மற்றது வளரட்டும். கோதுமைப்புல் இன்னும் வேகம்: கோதுமையை இரவு முழுக்க ஊறவைத்து, அடியில் ஓட்டை போட்ட தட்டில் ஒரு தானிய உயரத்துக்கு மட்டும் பரப்புங்கள். ஒரு வாரம் பத்து நாளில் ஒரு சாண் வளரும். கத்தரியால் இலையை மட்டும் வெட்டிக் கொடுங்கள். வேர்ப் பாயோடு தூக்கிப் போடுகிறார்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் அந்த வேர்ப் பாயில்தான் பூஞ்சை முதலில் பிடிக்கும், செரிக்காத கோதுமை மணியும் அதிலேயே இருக்கும்.

வைகைக்கரை:

மூவருக்கும் நன்றி. முளைக்கீரையும் அரைக்கீரையும் ஒரே வகையறா என்று தெரியாது. மூன்று சந்தேகம் பாக்கி. பழத்தின் அளவு யாரும் சொல்லவில்லை. குட்டிக்குக் கீரையை எப்படித் தொடங்குவது? சித்திரை வெயிலுக்குத் தர்பூசணி கொடுக்கலாமா?

பசும்புல் (கோவை):

பழம் பெரிய முயலுக்கு ஒரு தடவைக்கு ஒரு தேக்கரண்டி, வாரத்தில் இரண்டு மூன்று நாள். வாழைப்பழம் என்றால் ஒரு ரூபாய் நாணயத்தின் அகலத்துக்கு மெல்லிய ஒரு வில்லை. ஆப்பிளில் விதை எடுத்துவிட்டு, கீற்றில் பாதி. பப்பாளி, கொய்யா விதை நீக்கிக் கட்டைவிரல் நகம் அளவு. மாம்பழமும் சப்போட்டாவும் மிகவும் இனிப்பு, அதில் பாதி அளவு. உலர்திராட்சை ஒன்றே ஒன்று. கேரட்டையும் இந்தக் கணக்கிலேயே சேருங்கள்: 100 கிராமுக்கு 5 கிராம் அளவு சர்க்கரை இருக்கிறது. வாழைப்பழத்தில் சுமார் 12 கிராம். கேரட் வில்லை ஒரு விரற்கடை தடிமனில் ஒன்று கொடுத்த நாளில் பழம் கிடையாது.

பப்பாளியோ அன்னாசியோ கொடுத்தால் வயிற்றில் சேர்ந்த முடி கரையும் என்று பரவலாகச் சொல்கிறார்கள். கரையாது. முடி உள்ளே போவது இயல்பு. புல் நிறையத் தின்றால் புழுக்கையோடு வெளியே வந்துவிடும். புல் குறைந்து குடல் ஓட்டம் மந்தமானால்தான் அது தேங்குகிறது. மருந்து என்று நினைத்துப் பப்பாளியை அள்ளி வைத்தால் சர்க்கரைதான் ஏறும்.

பிள்ளைகளுக்கு நீட்ட ஏதாவது வேண்டும், அதைத் தடுக்காதீர்கள். காலையில் நிறுத்து வைத்த பெல்லட்டிலிருந்து பத்து மணியைத் தனி டப்பாவில் எடுத்து வையுங்கள், அன்றைக்கு அதுதான் அவர்கள் கையால் கொடுக்கும் தீனி. கொத்தமல்லித் தண்டையும் புதினாவையும் நிழலில் மூன்று நாள் உலர்த்தி, நொறுங்கும் பதத்தில் பாட்டிலில் போட்டும் வைக்கலாம். முயல் அந்த மணத்துக்கே ஓடி வரும். முயலுக்கு வேண்டியது கையிலிருந்து வாங்கித் தின்னும் சந்தோஷம். அது பிஸ்கட்டாக இருக்க வேண்டும் என்பதில்லை.

குட்டி நான்கு மாதம் ஆகிவிட்டதால் கீரை தொடங்கலாம். மூன்று மாதத்துக்கு முன்பு என்றால் வேண்டாம் என்பேன். முதலில் கொத்தமல்லி, ஒரே ஓர் இணுக்கு. அடுத்த நாள் புழுக்கையைப் பாருங்கள்: உருண்டையாக, காய்ந்து, விரலால் நசுக்கினால் நார் நாராக உதிர வேண்டும். சரியாக இருந்தால் அதையே மூன்று நாலு நாள் கொடுத்து மெல்லக் கூட்டி, பிறகு அடுத்த கீரை. ஒரே நேரத்தில் இரண்டு புதிய கீரை வேண்டாம். வயிறு கெட்டால் எது காரணம் என்று தெரியாமல் போய்விடும். குட்டிக்குப் பழம் இப்போது வேண்டவே வேண்டாம்.

மல்பெரித்தோட்டம் (நாமக்கல்):

தர்பூசணியில் சிவப்புச் சதை ஒரு தேக்கரண்டி போதும். வெள்ளைப் பகுதியும் பச்சைத் தோலும்தான் முயலுக்கு நல்லது. தோலை நன்றாகத் தேய்த்துக் கழுவி இரண்டு விரல் அகலத் துண்டு கொடுங்கள். வெள்ளரிக்காய் வில்லை இரண்டு மூன்று. ஆனால் இவற்றை நம்பித் தண்ணீரை விட்டுவிடக் கூடாது. முயல் ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 50 முதல் 150 மில்லி வரை குடிக்கும், வெயில் காலத்தில் மேல் அளவு. நிப்பிள் பாட்டிலைவிடக் கனமான மண் சட்டியில் வைத்தால் அதிகம் குடிக்கிறது. மதியம் கீரையை உதறாமல் ஈரத்தோடேயே வையுங்கள். பாதி தின்று விட்டதை ஒரு மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள், மதுரை வெயிலில் அதற்கு மேல் தாங்காது.

பீட்ரூட்டோ சில கீரையோ தின்ற மறுநாள் சிறுநீர் சிவப்பாக, ஆரஞ்சாக வரலாம். முயல் சுறுசுறுப்பாக இருந்து, இரண்டு நாளில் நிறம் மாறிவிட்டால் பயமில்லை. சிவப்பு திட்டுத் திட்டாக, உறைந்தாற்போல வந்தால் அது ரத்தம். உங்களுடையது பெண் முயல் என்பதால் கருப்பைக் கோளாறாகவும் இருக்கலாம், காட்ட வேண்டும்.

கடைசியாக ஒன்று. ஆசையாகத் தின்னும் கீரையையோ வாழைப்பழ வில்லையையோ முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டால், அதுதான் முதல் எச்சரிக்கை. உடம்பைக் குறுக்கி உட்கார்வது, பல்லை நறநறப்பது, புழுக்கை சிறுத்துப் போவது அல்லது நின்றுபோவது எல்லாம் குடல் ஓட்டம் நிற்பதன் அடையாளம். முயலால் வாந்தி எடுக்க முடியாது. பன்னிரண்டு மணி நேரம் எதுவும் தின்னவில்லை என்றால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். வயிறு பந்து போல இறுகியிருந்தால் வாயில் எதையும் புகட்டவும் கூடாது, அடைப்பாக இருக்கலாம். வீட்டில் இருக்கும் பிள்ளைகளின் அமாக்சிசிலின் சிரப்பை ஒரு சொட்டுக்கூட ஊற்ற வேண்டாம். வாய்வழி பெனிசிலின் வகை மருந்து முயலின் குடல் நுண்ணுயிர்களை அழித்து உயிரையே எடுத்துவிடும். முயல் பார்க்கும் டாக்டர் எல்லா ஊரிலும் இல்லை. இப்போதே இரண்டு பேரின் எண்ணை வாங்கி, இரவில் யார் போன் எடுப்பார் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.